கஸ்டம் கத்திகள்: அலகு, பிடி, விலை (கேள்வி பதில்)

கேள்வி: சேகரிப்பாளர்கள் தேடும் ஒரு கஸ்டம் கத்தியின், அதாவது தனிக் கைவினைஞர் ஒருவர் கையால் செய்த கத்தியின், விலையை முதலில் தீர்மானிப்பது அலகின் எஃகா, பிடியின் பொருளா?

பதில்: இரண்டும் அல்ல; செய்தவரின் பெயர்தான் முதலில் நிற்கிறது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் பட்டறை வைத்திருந்து 2010-ல் மறைந்த கத்திக் கைவினைஞர் பாப் லவ்லெஸ், 1970களின் தொடக்கத்தில் 154சிஎம் என்னும் எஃகைக் கத்தி உலகில் பரவலாக்கினார். இன்று அதே எஃகில் தொழிற்சாலைக் கத்திகள் எளிதாகக் கிடைக்கின்றன. அவர் பல கத்திகளுக்குப் பிடியாக இட்ட மைகார்ட்டாவோ, துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் சாதாரணப் பலகை. ஆயினும் அவருடைய முத்திரை பதித்த கத்திக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. ஒரே கைவினைஞரின் இரண்டு கத்திகளை அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான் பொருளின் வேறுபாடு விலையில் தெரியத் தொடங்கும்.

கேள்வி: டமாஸ்கஸ் அலகு என்று சொல்லி மிகக் குறைந்த விலைக்கும் விற்கிறார்கள், மிக உயர்ந்த விலைக்கும் விற்கிறார்களே, ஏன்?

பதில்: வெவ்வேறு எஃகுகளை அடுக்கிப் பற்றவைத்து அடித்த அலகையே இன்று டமாஸ்கஸ் என்கிறார்கள். 1973-ல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் பில் மோரன் தாம் அடித்த டமாஸ்கஸ் கத்திகளை அமெரிக்கக் கண்காட்சியில் வைத்தபோது, அந்த அலை அலையான கோலமே ஓர் அதிசயமாக இருந்தது. அந்த அருமை இப்போது இல்லை. அவர் 1976-ல் தோற்றுவித்த அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தில் மாஸ்டர் தகுதி பெற விரும்புபவர், குறைந்தது 300 அடுக்குள்ள டமாஸ்கஸ் அலகால் தொங்கும் கயிற்றை வெட்டி, மரத்தைக் கொத்தி, அதன் பின்னும் அது முடியை மழிக்கிறது என்று காட்டி, இறுதியில் அதே அலகை 90 பாகை வளைத்துக் காட்ட வேண்டும். விலை அந்தத் திறமைக்கு. நல்ல கொல்லர் எந்த எஃகுகளைச் சேர்த்தார் என்பதைச் சொல்வார். பெரும்பாலும் 1084-உம், நிக்கல் கலந்திருப்பதால் அமிலத்தில் கறுக்காமல் பளிச்சென்று நிற்கும் 15என்20-உம் இருக்கும். எஃகின் பெயரையே சொல்லாமல் அடுக்குகளின் எண்ணிக்கையை மட்டும் முழங்கும் விற்பனையாளரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

கேள்வி: நம்முடைய பழைய உருக்கும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: அல்ல. மேலே சொன்னது வெவ்வேறு எஃகுகளைப் பற்றவைத்து அடித்தது. கொடுமணலில் தடயங்கள் கிடைத்திருக்கும் தென்னிந்திய உருக்கு, மூசை என்னும் மண் கலத்தில் உருக்கி எடுத்த ஒரே கட்டி. அதன் கோலம் உள்ளிருந்தே எழுவது. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருந்தால்தான் கார்பைடுகள் என்னும் கடினமான கரிமச் சேர்மத் துகள்கள் வரிசை வரிசையாகப் படியும் என்பதை, உலோகவியலாளர் வெர்ஹோவனும் புளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துவந்த ஆல் பெண்ட்ரேயும் 1990களில் விளக்கினர். அடிக்கும்போது சூடு மிகுந்தால் கார்பைடுகள் கரைந்து கோலம் அழிந்துவிடும். இதைச் சரியாகச் செய்பவர் மிகச் சிலரே ஆதலால், பிடி எளியதாக இருந்தாலும் இத்தகைய அலகுக்குத் தனி மதிப்பு உண்டு.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என்னிடம் யானைத் தந்தப் பிடியுள்ள கத்தி ஒன்று இருக்கிறது. தந்தம் இப்போது கிடைப்பதில்லை என்பதால் அதன் மதிப்பு கூடியிருக்குமா?

பதில்: கிடைக்காத பொருள் விலையேறும் என்ற கணக்கு, விற்க அனுமதி இருக்கும்வரைதான் செல்லும். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-ல் தடை தீர்மானமாயிற்று. 2016-ல் அமெரிக்க மத்திய அரசு உள்நாட்டு வணிகத்தையும் ஏறத்தாழ முழுமையாக நிறுத்தியது. நூறாண்டு கடந்த பழம்பொருள் என்று ஆவணத்தோடு நிறுவுவது போன்ற சில விலக்குகளே எஞ்சியுள்ளன. பலர் அழிந்துபோன பழங்கால யானையினமான மாமூத்தின் தந்தத்துக்கு மாறினார்கள். கலிஃபோர்னியா அதையும் சேர்த்தே தடுத்துவிட்டது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: குறுக்குவெட்டில் தெரியும் கோடுகள் மாமூத்தில் 90 பாகைக்குக் குறைவான கோணத்திலும், யானையில் 115 பாகைக்கு மேற்பட்ட கோணத்திலும் வெட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கத்திப் பிடிக்குத் தந்தத்தை நீளவாக்கில் அறுப்பதால் அந்தக் கோடுகள் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வாங்கியபோது கொடுத்த ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: மான்கொம்புப் பிடியில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கடமான் கொம்பா என்று பாருங்கள். அதன் உட்சோறு சிறியது, சுவர் தடித்தது, மேற்பட்டை கரடுமுரடானது. உதிர்ந்த கொம்பின் ஏற்றுமதியைக்கூட இந்தியா 1990களின் இறுதியில் நிறுத்தியதால், பழைய இருப்பிலிருந்து எடுத்த, இருபுறமும் நிறமும் வளைவும் ஒத்த இணைக்கு மதிப்பு அதிகம். பட்டையைத் தேய்த்து வெள்ளை தெரியவிட்டிருந்தால் விலை இறங்கும். பூணும் பிடியும் சேருமிடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அங்கே நகம் தட்டுப்பட்டால், பொருள் எத்தனை அரியதாயினும் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: அலகில் சிறு துருப்புள்ளிகள் உள்ளன. மெருகேற்றி விற்கலாமா?

பதில்: வேண்டாம். செய்தவர் விட்ட மெருகு போனால் விலையின் பெரும்பகுதியும் போய்விடும். எண்ணெய் பூசி, தோலுறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். தோலிலுள்ள ஈரமும் அதைப் பதனிடப் பயன்படுத்திய பொருள்களும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். செல்லுலாய்டு என்னும் பழைய வகை பிளாஸ்டிக்கில் பிடி போட்ட கத்தி அதே பெட்டியில் இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். அது சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும்.