மாத்தேயா, குவாயூசாவா?

கேள்வி: காபி கசந்துவிட்டது. யெர்பா மாத்தே, குவாயூசா என்ற தென்னமெரிக்க இலைப் பானங்கள் இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: நான் இரண்டையும் மாதக்கணக்கில் குடித்தவள். முதல் தடவை என்றால் குவாயூசாவையே வாங்குங்கள். காஃபினைத் தவிர்க்கத்தான் காபியை நிறுத்துகிறீர்கள் என்றால் இரண்டுமே வேண்டாம். இரண்டிலும் அது தாராளமாக உண்டு.

இரண்டும் தேயிலை அல்ல, ஐலெக்ஸ் என்ற ஒரே தாவரப் பேரினத்து இலைகள். குவாயூசா ஈக்வடாரின் அமேசான் காட்டைச் சேர்ந்தது. அங்கே கிச்வா மக்கள் விடியுமுன் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, இதைக் குடித்தபடி இரவு கண்ட கனவுகளைச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டாலும் கசப்பு ஏறாது, நாவில் லேசான இனிப்பு தங்கும்.

மாத்தே அப்படி விட்டுக்கொடுக்காது. தென்னமெரிக்கப் பழங்குடிகளான குவாரனி மக்களிடமிருந்து அர்ஜென்டினா, உருகுவே வரை பரவிய பானம். சுரைக்குடுவையில் பாதிக்கு மேல் இலையைப் போட்டு, ஒரு பக்கமாகச் சரித்து, உலோகக் குழலால் உறிஞ்ச வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றினேன், முதல் மடக்கிலேயே தொண்டை வரை கசந்தது. அப்புறம் 70 முதல் 80 டிகிரி நீருக்கு மாறினேன். பச்சிலை மணமும் மெல்லிய புகைவாசமும் தனித்தனியாகத் தெரிந்தன. சரி, அதையும் ஆறவிட்டே குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது.

தூக்கம் லேசானவர் என்றால் மதியத்துக்குப் பிறகு இரண்டையும் தொடாதீர்கள்.