ஆறு மாத சிஎன்சி படிப்புக்கு 85,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் காமர்ஸ் குரூப் எடுத்து பிளஸ் டூ பாஸ் செய்திருக்கிறான். டிகிரி படிக்க இஷ்டமில்லை, கம்பெனியில் மெஷின் வேலைக்குத்தான் போவேன் என்கிறான். ஓசூரில் ஒரு தனியார் மையத்தில் ஆறு மாதத்தில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷின்) டெக்னீஷியன் ஆக்கிவிடுவார்கள், வேலை உறுதி என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கட்டணம் 85,000 ரூபாய். இந்த வாரமே 20,000 முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் வேண்டுமாம். ஐடிஐ போனால் இரண்டு வருடம் வீண், காமர்ஸ் பையனுக்கு அங்கே இடமும் கிடைக்காது என்கிறார். பத்து வருஷமாக லேத் பட்டறையில் இருக்கும் என் கொழுந்தனாரோ, “தொழில் தெரிந்தால் போதும், எனக்கு என்ன சர்டிபிகேட் இருக்கிறது?” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முதலில் அந்த ஒரிஜினல் மார்க் ஷீட். தயவுசெய்து கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். ஐடிஐயில் பயிற்றுநராகவும் பிறகு பயிற்சி அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்து அழுத பெற்றோர்களில் பாதிப்பேரின் கதை இந்த ஒரு காகிதத்தில்தான் தொடங்கியது. பணம் போனால் போகிறது என்று விட்டுவிட்டு வேறு இடத்தில் சேரலாம் என்றால், மார்க் ஷீட் அவர்கள் மேஜைக்குள் பூட்டியிருக்கும். “முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார்கள். சரிபார்ப்பதற்கு ஒரிஜினலைக் காட்டலாம். பார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

காமர்ஸ் விஷயம் முழுப் பொய். ஐடிஐயில் உள்ள ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் ஆகிய தொழிற்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அதில் கணக்கும் அறிவியலும் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் எஸ்எஸ்எல்சியில் எல்லோரும் அவற்றைப் படித்துத்தானே வருகிறார்கள். பிளஸ் டூவில் எந்த குரூப் என்று ஐடிஐயில் யாரும் கேட்கப் போவதில்லை. இது அந்தத் தெரிந்தவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

அடுத்து, இரண்டு வருடம் வீணா? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கவலைப்படாதீர்கள், நுணுக்கத்துக்குள் இழுக்க மாட்டேன்.

சிஎன்சி மெஷினுக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே வேலை செய்பவர்கள் இல்லை. ஆபரேட்டர் என்பவர் கதவைத் திறந்து இரும்புத் துண்டை மாட்டுவார், பச்சை பட்டனை அழுத்துவார், முடிந்ததும் கழற்றி வைப்பார். அளவு தவறினால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான், செட்டரைக் கூப்பிடுவது. செட்டர் என்பவர் வரைபடத்தைப் படித்து, இரும்பை வெட்டும் டூலை மாட்டி, அதன் நீளத்தை மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்து, முதல் துண்டை வெட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து திருத்துபவர். மைக்ரோமீட்டரின் ஒரு கோடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதற்கும் மேலே புரோகிராம் எழுதுபவர். புரோகிராமில் ஜி00 என்று கட்டளை எழுதினால் டூல் படுவேகமாக நகரும், ஜி01 என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டு நகரும். அந்த 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 விழுந்தால் டூல் அதே வேகத்தில் இரும்பில் போய் மோதும். டூல் உடையும், சில சமயம் மெஷினின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலே போய்விடும்.

ஆறு மாத மையம், அது நேர்மையான மையமாகவே இருந்தாலும், கொடுப்பது ஆபரேட்டரை. உங்கள் மகனுக்கும் சம்பளம் வரும், ஆனால் ஐந்து வருடம் கழித்தும் அதே பச்சை பட்டன்தான். ஐடிஐயில் முதல் சில மாதம் ஒரு இரும்புக் கட்டையை வைஸில் கவ்வி அரத்தால் ராவச் சொல்வார்கள். பையன் வீட்டுக்கு வந்து, “கம்ப்யூட்டர் மெஷின் காலத்தில் அரம் பிடிக்கச் சொல்கிறார்கள்” என்று புலம்புவான். புலம்பட்டும். தன் கையால் ஒரு பக்கத்தை மட்டமாக்க மூன்று நாள் பட்டவனுக்குத்தான் இரும்பு எங்கே எவ்வளவு எதிர்க்கும் என்று தெரியும். பின்னால் மெஷின் சத்தம் மாறும்போது டூல் மழுங்குகிறது என்று கண்டுபிடிப்பவனும் அவன்தான்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவிகள் எல்லாம் உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. 85,000 கட்டி ஆறு மாதம் படிப்பதற்கும், கையில் வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் படிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

எந்தப் பிரிவு? டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய் செலவில் மேம்படுத்தினார்கள். அங்கே ‘அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங் டெக்னீஷியன்’ என்று இரண்டு வருடப் படிப்பே இருக்கிறது. மெஷின்கள் அருமையானவை, பொறாமையாக இருக்கிறது. நாங்கள் படித்த காலத்து லேத்துக்கு எங்களைவிட வயது அதிகம். ஆனால் மெஷினுக்குத் திறப்பு விழா வைக்கிற வேகத்தில் பயிற்றுநரைப் போடுவதில்லை. நான் பணியில் இருந்தபோது ஒரே பயிற்றுநர் இரண்டு பிரிவு மாணவர்களைச் சேர்த்துக் கட்டி மேய்த்த வருடங்கள் உண்டு. எழுதாத கடிதம் இல்லை. ஆகவே சேரும் முன் அந்த ஐடிஐக்கு நேரில் போய், “இந்தப் பிரிவுக்கு நிரந்தரப் பயிற்றுநர் இருக்கிறாரா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் மெஷினிஸ்ட் அல்லது டர்னரில் போடுங்கள். ரயில்வே, பொதுத்துறை நிறுவனமான பெல் போன்ற இடங்களின் அறிவிப்புகளில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் என்ற பழைய பெயர்கள்தான் உடனே கண்ணில் படும். புதுப் பெயர்கள் அந்தப் பட்டியல்களில் ஏறுவதற்கு நம் ஊரில் நாளாகும். இரண்டு வருட ஐடிஐ முடித்தவன் நினைத்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேரலாம். ஒரு வருடப் பிரிவுகளை நான் சொல்லாமல் விடுவது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் தெரிந்தவரிடம் வருகிறேன். இவர்கள் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். பையனைச் சேர்த்துவிட்டதற்கு மையத்தில் ஒரு கமிஷன், ஆறு மாதம் கழித்து அவனை வேலைக்கு அனுப்பியதற்கு ஆள் சப்ளை கான்ட்ராக்டரிடம் இன்னொரு கமிஷன். ‘வேலை உறுதி’ என்பதன் பொருள் அந்த கான்ட்ராக்டர்தான். பெரிய கம்பெனி பெயர் போட்ட பஸ் வரும், கேட்டுக்குள்ளும் போவான், ஆனால் சம்பளச் சீட்டில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருக்கும். ‘டிரெய்னி’ என்று பத்துப் பதினொரு மாதம் வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுப்பார்கள். ‘நீம்’ என்று 2013இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏஐசிடிஇ ஒரு திட்டம் கொண்டுவந்தது. படித்துக்கொண்டே வேலை பழகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஏஜென்சிகள் அதைக் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வலையாக்கின, கடைசியில் கொண்டுவந்தவர்களே கைவிட்டார்கள். திட்டம் போய்விட்டது, ஆள் பிடிப்பவர்கள் போகவில்லை.

“இந்த வாரம் கடைசி” என்பதும் இவர்கள் பாட்டுத்தான். கையில் பணமில்லை என்றால் போனிலேயே லோன் போட்டு, மாதத் தவணை ஆக்கித் தருகிறேன் என்பார்கள். பையன் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

எனக்குப் பிடித்த ஒரு சோதனை இருக்கிறது. அந்த மையத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு வேலை நாளில் போங்கள். ஏசி அறையும் கம்ப்யூட்டர்களும் காட்டுவார்கள். “மெஷினைப் பார்க்க வேண்டும்” என்று சொல்லி, மெஷினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். வேலை நடக்கிற மெஷினுக்கு அடியில் சுருள்சுருளாக இரும்புச் சீவல் கிடக்கும், பக்கத்தில் நின்றாலே கூலன்ட் எண்ணெய் வாடை அடிக்கும், தரை வழுக்கும். துடைத்து வைத்த பாத்திரம்போல் பளபளவென்று இருந்தால் அது காட்சிப் பொருள். பையன்கள் ஆறு மாதமும் திரையில்தான் பழகப் போகிறார்கள்.

“நாங்களும் ஐடிஐதான், அரசு அங்கீகாரம் உண்டு” என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பிரிவுக்கு? அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் யூனிட், அதாவது மாணவர் குழு, கணக்கில் தனித்தனியாகத் தருவது. எலக்ட்ரீஷியனுக்கு வாங்கி வைத்துக்கொண்டு சிஎன்சிக்கு ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. மத்திய அரசின் பயிற்சி இயக்குநரகமான டிஜிடி தரும் தேசிய தொழிற்சான்றிதழ் கைக்கு வருமா என்பதுதான் கேள்வி. ‘அதற்குச் சமமானது’ என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். நல்ல தனியார் ஐடிஐகளும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை.

ஐடிஐ முடித்ததும் அப்ரன்டிஸ், அதாவது உதவித்தொகையோடு நிறுவனத்தில் வேலை பழகும் தொழிற்பழகுநராகப் போகட்டும். 1961ஆம் ஆண்டின் சட்டப்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் ஆட்களில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஐடிஐ முடித்தவனுக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் என்று 2019இல் விதியைத் திருத்தினார்கள். இதற்கு நீங்கள் யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. ஒப்பந்தம் அரசின் அப்ரன்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாகி, அதற்கு ஒரு எண் வரும். எண் இல்லையென்றால் அவன் அப்ரன்டிஸ் இல்லை. விபத்து என்று ஏதாவது நடந்தால் இழப்பீடு கேட்க அந்த எண்தான் துணை. அப்ரன்டிஸ் முடித்ததும் வேலை நிரந்தரம் என்று யாராவது சொன்னால் அதுவும் பொய்தான், சட்டத்தில் அப்படி இல்லை.

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தொழில் தெரிந்தால் பட்டறையில் போதும். பெரிய கம்பெனியின் கேட்டில் போதாது. ஆனால் அவருக்கு ஒரு வழி உண்டு, அதைப் பலருக்கும் தெரியாமல் மூடி வைத்திருக்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஐடிஐ படிக்காமல் தொழிலில் இருப்பவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 21 வயது முடிந்திருக்க வேண்டும், அதே தொழிலில் மூன்று வருட அனுபவம் வேண்டும். முதலில் ஒரு முதனிலைத் தேர்வு வைப்பார்கள், எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. அதில் தேறினால் ஐடிஐ மாணவர்களோடு சேர்ந்து முதன்மைத் தேர்வு எழுதலாம். பாஸ் செய்தால் தேசிய தொழிற்சான்றிதழ். பத்து வருஷம் லேத் ஓட்டியவருக்கு செய்முறை ஒரு பொருட்டே இல்லை. தடுக்கி விழுவது எழுத்தில்தான். ஐடிஐ டர்னர் புத்தகம் தமிழிலேயே இருக்கிறது, மூன்று மாதம் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

உண்மையான சிக்கல் அனுபவத்துக்கான சான்று. பட்டறை பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், ஓனர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வாராவாரம் சனிக்கிழமை கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கியவர் எதைக் காட்டுவார்? இந்த விதியை எழுதியவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைப் பக்கம் வந்ததே இல்லை போல. எனவே அவர் இன்றைக்கே ஓனரிடம் பேசி, பட்டறையின் பதிவுச் சான்று நகலையும் தன் பெயர் போட்ட அனுபவக் கடிதத்தையும் வாங்கி வைக்கட்டும். ஓனர் தயங்கினால், இஎஸ்ஐ, பிஎஃப் பற்றிக் கேட்கவில்லை, தேர்வு எழுதத்தான் என்று சொல்லச் சொல்லுங்கள். அறிவிப்பு எப்போது வரும் என்றால், கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்பாக நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரி வரும், கண் மூடித் திறப்பதற்குள் கடைசித் தேதியும் வந்துவிடும். பக்கத்து அரசு ஐடிஐ அலுவலகத்தில் மாதம் ஒருமுறை தலையைக் காட்டி விசாரிப்பதுதான் வழி. ஆனால் இந்த வழியைக் காட்டி, “ஐடிஐ போகாமலே சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்” என்று உங்கள் மகனிடம் யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். அவனுக்கு அனுபவமும் இல்லை, வயதும் ஆகவில்லை. போலி அனுபவக் கடிதம் என்று பிடிபட்டால் மாட்டுவது பையன்தான்.

கடைசியாக, இனிஷியல். சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, ஆதாரில் அதுவே பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். ஐடிஐ விண்ணப்பம், தேர்வுப் பதிவு, அப்ரன்டிஸ் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் அடம் பிடிக்கும். நம் ஊரில் இனிஷியல் என்று ஒன்று இருப்பது டெல்லியில் மென்பொருள் எழுதுபவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. என் மாணவன் ஒருவன் எல்லாப் பாடத்திலும் பாஸ், சான்றிதழில் மட்டும் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. அதைத் திருத்த ஒரு அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடந்தான், கையிலிருந்த வேலை அதற்குள் போய்விட்டது. விண்ணப்பம் போடும் முன் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வித்தியாசம் இருந்தால் ஆதாரைத் திருத்துங்கள், மார்க் ஷீட்டைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். இதை அட்மிஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.