200 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறையைத் தோண்டாமலே எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் இப்படி எழுதியிருக்கிறார்: "இந்தியத் துணைக்கண்டத்தின் அடிவேர் 100 கி.மீ.தான், மற்ற கண்டங்களுக்கு 200க்கு மேல் என்று படித்தேன். யாருமே போகாத ஆழத்துக்கு எப்படி எண் போடுகிறார்கள்? சும்மா ஒரு யூகமா?"

யூகம் இல்லை. அடிவேர் என்பது கண்டத்தின் மேலோட்டுக்கும் கீழே இறங்கும் குளிர்ந்த பாறை. ஆனால் அந்த 100 மேல் எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதுகலையில் புவி இயற்பியல் படித்தபோது என் புராஜெக்ட் இதற்கு உதவும் நிலநடுக்க மேற்பரப்பு அலைகள்தான். ஆறு மாதம் நெளிநெளியான கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், ஆனாலும் அது விட்டுப்போகவில்லை.

முதலில் தோண்டும் விஷயம். ரஷ்யாவில் கோலா தீபகற்பத்தில் 1970இல் துளையிட ஆரம்பித்தார்கள். 1989இல் 12,262 மீட்டரை எட்டினார்கள், அதற்குமேல் முடியவில்லை. கண்டங்களின் மேலோடே 35, 40 கி.மீ. இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் அது. ஆகவே நிலநடுக்க அலைகள்தான் வழி.

பி அலை, எஸ் அலை என்று பள்ளியில் படித்திருப்போம். அவை பூமிக்குள் இறங்கி வளைந்து மேலே வருபவை. அவற்றுக்குப் பின்னால், பூமியின் தோலை ஒட்டியே ஊர்ந்து வருபவை மேற்பரப்பு அலைகள். அதில் இரண்டு வகை. தரையை நீள்வட்டமாக ஏற்றி இறக்கும் ராலே அலை. 1885இல் ராலே பிரபு இதைக் கருவியில் பார்க்காமல் கணக்கில் கண்டுபிடித்தார். தரையைப் பக்கவாட்டில் ஆட்டுவது லவ் அலை. காதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 1911இல் அதைச் சொன்ன கணிதவியலாளரின் பெயர் லவ்.

2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின்போது, சுமார் 1,600 கி.மீ. தள்ளியிருந்த இலங்கையில் தரை 9 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்கியதாகக் கருவி பதிவு செய்தது. சுனாமி வருவதற்கு முன்னால் நடந்தது இது. இந்த ஆட்டத்தால் கட்டடம் எதுவும் சாயவில்லை. ஏறி இறங்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட அலை. சுற்றுவட்டாரமே ஒன்றாக மிதந்து இறங்கியது மாதிரி. இந்த அலைகள் பூமியை ஒரு சுற்று வர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். பெரிய நிலநடுக்கம் என்றால் பல சுற்று சுற்றும்.

தோலை ஒட்டி ஓடும் அலைக்கு ஆழத்தில் இருப்பது எப்படித் தெரியும்? இந்தக் கலையே இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அலை எவ்வளவு நீளமோ, அதற்குத் தக்க ஆழம்வரை அது பாறையை ஆட்டுகிறது. ராலே அலைக்கு நாங்கள் வைத்திருந்த கைக்கணக்கு: அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 20 விநாடிக்கு ஒருமுறை ஆடும் அலையின் நீளம் 70 கி.மீ. போல வரும். அது 25 கி.மீ. ஆழத்தை, அதாவது மேலோட்டைத் தடவிப் பார்க்கிறது. 100 விநாடி அலையின் நீளம் 400 கி.மீ.க்கு மேல். அதற்கு 130 கி.மீ. ஆழம், அதாவது மேலோட்டைத் தாண்டி, அதற்கு அடியில் உள்ள கவசம் என்ற அடுக்கின் பாறை தெரியும். பொதுவாக ஆழம் போகப் போகப் பாறையில் வேகம் கூடும் என்பதால் நீள அலைகள் முந்தி வருகின்றன.

பொங்கலுக்கு முந்தின இரவு தாம்பரத்திலிருந்து எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி வருவதற்குள் கார் முன்னால், பஸ் நடுவில், லாரி பின்னால் என்று தானாகப் பிரிந்துவிடும். நில அதிர்வுமானியின் பதிவிலும் அப்படித்தான். முதலில் அகல அகலமான ஆட்டம், போகப் போக நெருக்கமாகும். எந்த அலை எவ்வளவு தாமதம் என்று அளந்தால், எந்த ஆழத்துப் பாறை எவ்வளவு வேகம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். குளிர்ந்து இறுகிய பாறையில் வேகம் அதிகம், சூடான பாறையில் குறைவு.

சொல்வது சுலபம். என் புராஜெக்டில் ஏறக்குறைய 400 கி.மீ. இடைவெளியில் இரண்டு நிலையங்கள், நிலநடுக்கம் நடந்த இடமும் அதே நேர்கோட்டில். முதல் நிலையத்தைத் தாண்டிய அலையின் முகடு இரண்டாவதுக்கு எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் எல்லா முகடும் ஒரே மாதிரி இருக்கும். எது அந்த முகடு? நான் 20 விநாடி அலையிலிருந்து ஆரம்பித்தேன். உண்மையில் அது 111 விநாடி எடுத்து வந்திருக்க வேண்டும், அதாவது நொடிக்கு 3.6 கி.மீ. நான் ஒரு முகடு தவறாக எண்ணி, 91 விநாடி என்று எடுத்துக்கொண்டேன். வேகம் 4.4 என்று வந்தது. அது கவசப் பாறைக்கு உரிய வேகம். எங்கள் மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, தென்னிந்தியாவுக்கு மேலோடே இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டியா?" என்றார். அப்புறம்தான் சொல்லிக் கொடுத்தார்: 100 விநாடி அலையில் ஆரம்பி. அங்கே ஒரு முகடு தப்பினால் வேகம் நொடிக்கு 2 கி.மீ. என்று வரும், அப்படி ஒரு பாறை அந்த ஆழத்தில் இருக்க வாய்ப்பே இல்லை, தப்பு உடனே பல்லிளிக்கும். அங்கிருந்து படிப்படியாகச் சின்ன அலைகளுக்கு இறங்கி வா.

இந்த முறையின் பெரிய வெற்றி கனடாவில் வந்தது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா உலகெங்கும் ஒரே தரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களை அமைத்தது. கோடைக்கானலிலும் ஒன்று இருந்தது. வேவு பார்க்க வைத்த கருவிகள் கடைசியில் பாறை ஆராய்ச்சிக்குத்தான் அதிகம் உதவின என்பது என் எண்ணம். அதே காலத்தில், 1963இல், புரூன், டோர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவின் பழம்பாறைப் பகுதிக்கு அடியில் 100 கி.மீ. ஆழத்தைத் தாண்டியும் எஸ் அலையின் வேகம் நொடிக்கு 4.7 கி.மீ. அளவில் இருப்பதைக் காட்டினார்கள். அதாவது அங்கே கண்டம் மேலோட்டோடு முடியவில்லை, அதற்குக் கீழே குளிர்ந்த தடித்த ஒரு வேர் இறங்குகிறது. குளிர்ந்தது மூழ்க வேண்டுமே, 300 கோடி ஆண்டாக எப்படி மிதக்கிறது? 1970களில் தாமஸ் ஜோர்டன் என்ற புவி இயற்பியலாளர் ஒரு விடை சொன்னார்: ஆதியில் அந்தப் பாறை ஒருமுறை உருகி, இரும்புச் சத்தை இழந்து எடை குறைந்துவிட்டது, குளிரால் கூடிய எடையும் அதனால் குறைந்த எடையும் சரிக்குச் சரி.

ஆஸ்திரேலியாவில் 1993 முதல் 1996 வரை, கையிலிருந்த சில கருவிகளையே ஓரிடத்தில் சில மாதம் வைத்து, பிறகு எடுத்து அடுத்த இடத்தில் வைத்து, கண்டம் முழுவதையும் தாண்டித் தாண்டி அளந்தார்கள். கங்காருவை நினைத்து அதற்கு ஸ்கிப்பி என்று பெயர். மேற்கிலும் நடுவிலும் ஆழமான வேர், கிழக்குக் கரையில் அது இல்லை.

இப்போதெல்லாம் நிலநடுக்கம்கூட வேண்டாம். கடலலை தரையில் ஓயாமல் உண்டாக்கும் முணுமுணுப்பை இரண்டு நிலையங்களில் பதிந்து ஒப்பிட்டாலே போதும் என்று 2005இல் கலிபோர்னியாவில் செய்து காட்டினார்கள். ஆனால் அது பெரும்பாலும் மேலோட்டுக்குத்தான்.

சரி, அந்த 100. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் ஜெர்மானியர்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகாவுக்கு 180 முதல் 300 கி.மீ., இந்தியாவுக்கு மட்டும் சுமார் 100. இவை எல்லாம் ஒட்டியிருந்த பழைய பெருங்கண்டமான கோண்டுவானா உடைந்தபோது அடிப்பகுதி உருகிப் போயிருக்கலாம், பாரம் குறைந்ததால்தான் ஆண்டுக்கு 18, 20 செ.மீ. வேகத்தில் ஆசியாவை நோக்கி ஓடியது என்றார்கள். அழகான விளக்கம். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது மேற்பரப்பு அலை அல்ல. பாறையின் எல்லையில் எஸ் அலை பி அலையாக மாறுவதை அளந்தார்கள். அந்த முறைக்கு எல்லைக்கோடு கூர்மையாகத் தெரியும், ஆனால் அது எதன் எல்லை என்று தெரியாது. மேற்பரப்பு அலைக்கு நேர்மாறு. எல்லையை மங்கலாகத்தான் காட்டும், ஆனால் எவ்வளவு ஆழம்வரை பாறை குளிர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும். அப்படிப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் தென்னிந்தியாவின் வேர் 100ஐத் தாண்டிப் போகிறது. பல பழங்கண்டங்களில் வேருக்கு நடுவிலேயே 80 முதல் 120 கி.மீ. ஆழத்தில் ஓர் எல்லை இருப்பதும் இப்போது தெரிகிறது. 2007இல் பார்த்தது அதைத்தானோ என்பது என் சந்தேகம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. வைரம் உருவாக 150 கி.மீ. போன்ற ஆழத்தில் குளிர்ந்த வேர் வேண்டும். மழை பெய்ததும் ஆந்திராவின் வஜ்ரகரூர் பக்கம் ஜனங்கள் வயலில் குனிந்து வைரம் தேடுகிறார்களே, அந்த வைரங்களை மேலே கொண்டுவந்த எரிமலைக் குழாய்கள் ஏறத்தாழ 110 கோடி ஆண்டு பழையவை. அன்றைக்கு வேர் ஆழமாக இருந்தது உறுதி. இன்றைக்கும் இருக்கிறதா என்பதுதான் வழக்கு. வட சீனாவின் கிழக்குப் பகுதி ஒருகாலத்தில் வைரம் தந்த ஆழமான வேரைப் பிறகு இழந்துவிட்டது, ஆகவே இழப்பது நடக்காத விஷயமும் அல்ல. ஹைதராபாத் நிலையத்தின் பதிவுகளில் மாறும் அலைகளையும் மேற்பரப்பு அலைகளையும் சேர்த்தே பொருத்திப் பார்க்கும் வேலை நடந்திருக்கிறது. நான் பந்தயம் கட்டுவதானால், இன்னும் வேர் இருக்கிறது என்ற பக்கம்தான் கட்டுவேன்.