மந்திரிக்காத கல்யாணம் கல்யாணம் இல்லையா?

கேள்வி: நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), என் கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). இரண்டு பேருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வீட்டில் ஒத்துக்கொள்ளாததால் போன வருஷம் தனித் திருமணச் சட்டத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். இப்போது எல்லாரும் ராசியாகிவிட்டார்கள். அம்மா மட்டும், "கோயில்ல சாமியார் ஆசீர்வதிச்சு மந்திரிக்காம நீங்க புருஷன் பொண்டாட்டியே இல்ல சாமி" என்கிறார். "சேர்ந்து வாழ ஆரம்பிச்சாச்சு, ஆண்டவர் பார்வையில முடிஞ்சது" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
- வாசகி, அவிநாசி

பதில்: அம்மணி, உங்கள் வீட்டுக்காரர் வாதம்தான் இதில் வலுவில்லாதது. சேர்ந்து வாழ்வதே திருமணம் என்றால், கிணற்றடியில் அந்த சமாரியப் பெண்ணிடம் "இப்போது உன்னோடு இருப்பவன் உன் புருஷன் இல்லை" என்று இயேசு சொல்லியிருக்க மாட்டார். ஆதியாகமத்திலும், அப்பன் அம்மாவை விட்டு மனைவியோடு இசைந்திருப்பது முதலில் வருகிறது, ஒரே மாம்சமாவது அதற்கு அப்புறம்தான். உடலுறவா சம்மதமா என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய சண்டை நடந்து, திருமணத்தை உண்டாக்குவது சம்மதம்தான் என்று கத்தோலிக்கத் திருச்சபை முடிவுக்கு வந்தது.

அப்படியானால் அம்மா சொல்வது? பாதி சரி. உங்கள் சபையின் போதனைப்படியே மணமக்கள்தான் ஒருவருக்கொருவர் திருமணம் என்கிற அருட்சாதனத்தை (புனிதச் சடங்கை) கொடுத்துக்கொள்கிறார்கள், சாமியார் (பாதிரியார்) சபையின் சார்பில் சம்மதத்தைக் கேட்டு வாங்கும் சாட்சி. கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் இல்லாமல் சீர் நடக்காது என்று பார்த்து வளர்ந்த நம்ம கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு, சாமியாரும் அப்படி ஒருவர், அவர் கை பட்டால்தான் கல்யாணம் என்று தோன்றிவிடுகிறது. தாலியும் நம் ஊர் வழக்கம்தான், ரோமில் யாரும் அதைக் கேட்பதில்லை.

ஆனால் ரகசியமாகக் கட்டிக்கொண்டு, பிறகு "நான் கட்டவே இல்லை" என்று கைகழுவிவிட்டு வேறொருத்தியைக் கட்டுகிற ஆண்கள் அந்தக் காலத்தில் ஏகப்பட்ட பேர் இருந்ததால், 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் (கத்தோலிக்க ஆயர்கள் கூடிய மாநாடு) ஒரு சட்டம் போட்டது: பங்குச்சாமியாரும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் திருமணம் செல்லாது. ஏறக்குறைய அதே விதி இன்றும் கத்தோலிக்கரான உங்களுக்கு இருக்கிறது. உங்கள் கணவருக்கு அது உறைக்காததற்கும் காரணம் உண்டு, திருமணம் உலக காரியம், அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரே சொல்லிவிட்டுப் போனார்.

நாட்டுச் சட்டப்படி நீங்கள் மனைவிதான், அதில் சந்தேகமே வேண்டாம். 1954-ஆம் வருஷச் சட்டத்தில் அதிகாரிக்கும் மூன்று சாட்சிகளுக்கும் முன்னால், "உன்னைச் சட்டப்படியான கணவனாக ஏற்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் திருமணமே பூர்த்தியாகும். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். என்னைக் கேட்டால் கல்யாணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. திருச்சபையும் அந்தச் சம்மதத்தைக் குப்பையில் போடுவதில்லை. அந்த மனசு இன்னும் மாறாமல் இருந்தால், மறுபடி வாக்குக் கொடுக்காமலேயே பழைய சம்மதத்தை வைத்துத் திருமணத்தைச் செல்லுபடியாக்க ஆயருக்கு (பிஷப்புக்கு) அதிகாரம் இருக்கிறது. இல்லையென்றால் சாமியார், இரண்டு சாட்சிகள் முன்னால் எளிமையாகச் சம்மதத்தைப் புதுப்பிக்கலாம், மண்டபம் பந்தி எதுவும் வேண்டாம். அதுவரைக்கும் பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க வேண்டாம் என்றுதான் சாமியார் சொல்வார். அம்மாவுக்கு உள்ளுக்குள் அரிப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், மற்றபடி மருமகன் மேல் கோபம் இருக்காது.

ஞானஸ்நானச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு பங்குச்சாமியாரைப் பாருங்கள். உங்கள் கணவர் சி.எஸ்.ஐ. என்பதால் ஆயரின் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு, பிறக்கும் குழந்தைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, விஷயம் தெரிந்திருந்தால் போதும். இதை அவர் சாமியார் அறையில் உட்கார்ந்து முதல்முதலாகக் கேள்விப்படக் கூடாது, வீட்டிலேயே பேசிவிட்டுப் போங்கள்.