புறொய்லர் கோழித்தீனில் அன்ரிபயோட்டிக்குக்குப் பதிலாக உள்ளி, மஞ்சள், வேப்பிலை போதுமா?

வடமராட்சியில் புதிதாகப் புறொய்லர் வளர்க்கத் தொடங்கியிருக்கும் நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. நோய் இல்லாத கோழிக்கு எடை கூடட்டும் என்று நாள்தோறும் தீனில் சிறிதளவு அன்ரிபயோட்டிக் கலப்பது ஒன்று. நோய் கண்ட கோழிக்குக் கால்நடை வைத்தியர் எழுதித் தரும் மருந்து மற்றொன்று. முதலாவதின் இடத்தில் மூலிகையை வைக்கலாம், இரண்டாவதின் இடத்தில் வைக்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலாவதைத் தயங்காமல் நிறுத்துங்கள். சிறு அளவில் தொடர்ந்து கொடுத்தால், மருந்துக்கு மடியாத பற்றீரியாக்களே குடலில் எஞ்சிப் பெருகி, எச்சத்தோடும் இறைச்சியோடும் மனிதரை வந்தடையும். ஐரோப்பிய ஒன்றியம் இவ்வழக்கத்தை 2006 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் கொலிஸ்ரினையே எதிர்த்து நிற்கச் செய்யும், ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு 2015 இல் சீனாவில் அறியப்பட்ட பின், சீனாவும் இந்தியாவும் அம்மருந்தைக் கோழித்தீனிலிருந்து விலக்கின.

மூலிகைகளில் எனக்கு நம்பிக்கை கூடியவை உள்ளியும் கற்பூரவள்ளியும். உள்ளியை நசுக்கும்போது உண்டாகும் அலிசின் பல பற்றீரியாக்களை அடக்கும். சூடுபட்டால் நிலைக்காது என்பதால் அவித்தோ வறுத்தோ கொடுப்பதில் பயன் குறைவு. கற்பூரவள்ளியிலும் ஓமத்திலும் உள்ள தைமோல், காவக்ரோல் போன்ற வாசனைச் சத்துகள் பற்றீரியாவின் மேலுறையையே சிதைப்பவை. உள்ளித்தூளும் மஞ்சள்தூளும் பல சோதனைகளில் 100 கிலோ தீனுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை சேர்த்துப் பார்க்கப்பட்டுள்ளன. நீங்கள் அரைக் கிலோவில் தொடங்கலாம். மஞ்சளைத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி இடிப்பித்தால் கலப்படப் பயம் இராது. வேப்பிலை கூடினால் கசப்பினால் கோழி தீனைக் குறைத்துவிடும், ஆகவே அதில் கை அடக்கம் வேண்டும். குறுணித் தீனில் தூளை வெறுமனே தூவினால் அது பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். சிறிது தேங்காய் எண்ணெயில் பிசறி, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலவுங்கள். எந்த மூலிகையிலும் சத்தின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால், ஒரு தொகுதியில் கண்ட பலன் அடுத்ததில் அப்படியே கிடைக்கும் என எதிர்பார்க்க வேண்டாம்.

ராணிக்கெற்றும் கம்போரோவும் வைரசு நோய்கள். அவற்றுக்குத் தடுப்பூசியைத் தவிர அன்ரிபயோட்டிக்கும் உதவாது, மூலிகையும் உதவாது. இரத்தக் கழிச்சல் கண்டால் அன்றே கால்நடை வைத்தியரை அழையுங்கள், ஏனெனில் நோயுற்ற கோழி முதலில் விடுவது தீனைத்தான், தீனில் கலந்த மூலிகை அதன் வயிற்றுக்குப் போய்ச் சேராது. மருந்து கொடுத்தால், அவர் சொல்லும் நாட்கள் கழியும் முன் அந்தக் கோழியை இறைச்சிக்கு விற்காதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது தரையில் பரப்பிய உமி. அது நனைந்து கட்டிபட்டால் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி அங்கேயே பெருகும். புண்பட்ட குடலில் அடுத்ததாகப் பற்றீரியா குடியேறும். ஈர உமியை உடனே அள்ளி மாற்றுவதும், கோழிகளை நெருக்கி அடைக்காதிருப்பதும், மாரி காலத்தில் கொட்டிலுக்குள் தூவானம் அடிக்காமல் மறைப்பதும் எந்த மூலிகையையும் விடக் கூடுதலாக உதவும்.

அடுத்த தொகுதிக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மூலிகை கலந்து, வாராவாரம் இரு பக்கத்திலும் எடையையும் தின்ற தீனையும் எழுதி வாருங்கள். ஒரு கிலோ எடைக்கு எந்தப் பக்கம் குறைவான தீன் செலவாகிறது என்ற கணக்கை வைத்தே மூலிகைக்குச் செலவழிப்பதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.