குளிர்காலத்தில் பழைய நண்பருடன் காவிரியில் தூண்டில் போடப் போனால் மீன் கடிக்குமா? பிடித்ததைத் திரும்ப விடுவதில் என்ன பயன்?

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இங்கே பலர் பதில் சொல்லிவிடுவார்கள். "எப்படியும் ஆற்றிலேயே விடப்போகிற மீனுக்காக பெங்களூரிலிருந்து இவ்வளவு தூரம் எதற்கு" என்று உங்கள் நண்பர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. என் நண்பனும் இதே கேள்வியைத்தான் கேட்டான். நீங்கள் இங்கே வேலையில் இருக்கிறீர்கள், நண்பர் வெளியூரிலிருந்து வருகிறார், டிசம்பர் கடைசியில் ஓரிரு நாள் கிடைக்கும் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடிக்கும். ஆனால் விடியற்காலையில் எதிர்பார்க்காதீர்கள். மீனின் உடற்சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் அதன் செரிமானமும் மந்தமாகும், ஓடித் திரிந்து இரை தேடாமல் ஆழமான மடுக்களில் ஒதுங்கிவிடும். கோடையில் நாம் விடியலையும் அந்தியையும் நம்புவோம். மார்கழியிலோ வெயில் ஏறிய பிறகு, பத்து மணியிலிருந்து நான்கு மணி வரையில்தான் தூண்டில் நரம்பில் உயிர் தெரியும். இரை சிறியதாக இருக்கட்டும், தட்டல் மெல்லியதாக இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். பிடித்து விடுகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு நன்மையும் உண்டு. 30 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், 20 டிகிரியில் 9 மில்லிகிராம் வரை கரையும். களைத்துப்போன மீன் மூச்சு மீள்வதற்கு இந்த வித்தியாசம் பெரிது.

இடத்தைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சங்கமம், மேகேதாட்டு, பீமேஸ்வரி, கலிபோரே எல்லாம் காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருபவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே தூண்டிலுக்கு இடம் கொடுப்பதில்லை. பழைய மீன்பிடி முகாம்களின் படங்களை இன்னும் இணையத்தில் காட்டி, "இரவு தங்கல், தூண்டில், காவிரி மீன் வறுவல்" என்று பணம் வாங்கும் ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை நம்பி முன்பணம் கட்டிய என் அலுவலகத் தோழர்களை அவர் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டுப் போய்விட, வனக்காவலர்களுக்கு அவர்கள் பதில் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நானும் என் நண்பனும் போனது குடகில், துபாரேக்கு அருகே உள்ள வால்னூர்ப் பக்கம். அங்கே காவிரியின் ஒரு பகுதியைக் குடகு வனவிலங்குச் சங்கம் பாதுகாத்து, பிடித்து விடும் தூண்டிலுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுத்துவந்தது. விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் முன் சீட்டு உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் நண்பனும் நானும் பெங்களூர் அல்சூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஏரிக்கரையில் மண்புழுவும் தக்கையும் வைத்து ஜிலேபிக் கெண்டை பிடித்து அவன் அம்மாவிடம் கொடுத்தால் அன்று மாலையே குழம்பாகிவிடும். அவனுக்கு மீன்பிடிப்பு என்றால் அதுதான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பின்னர் ஓர் இயந்திரக் கருவித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அளவுகோலும் வெர்னியரும் கையுமாக இருந்துவிட்டு, இப்போது மகளோடு சென்னையில் இருக்கிறான். நான் அழைத்தபோது, "புடிச்சத விடறதுக்கா டா குசால்நகர் வரைக்கும் போறே? அதுக்கு வீட்லயே இருக்கலாமே" என்றான். ஆனாலும் வந்தான்.

முதல் நாள் காலை ஆற்றின் மேல் பனி விலகவே இல்லை. எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி, வெகுகாலம் அந்த ஆற்றிலேயே இருந்தவர், அவசரப்படவில்லை. கேழ்வரகு மாவைக் களியாகக் கிளறி, ஆறவைத்துப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாகச் செய்வதைவிடச் சிறியது என்று அவரே சொன்னார். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி மட்டமாக்கிவிட்டு, அது துணியில் சிக்காமல் வழுக்கி வருகிறதா என்று தன் சட்டை விளிம்பில் குத்தி இழுத்துப் பார்த்தார். என் நண்பன் கொக்கியை வாங்கி, தானும் அதேபோல் தன் சட்டையில் சோதித்தான். அவன் கண்ணில் அப்போதுதான் முதன்முறையாக ஆர்வத்தைப் பார்த்தேன்.

நண்பகல் வரை பொடி மீன்கள் களியைக் கொத்திக் கரைத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணியைத் தாண்டியபோது அவனுடைய நரம்பு இரண்டு முறை இலேசாகத் தட்டி நின்றது. மூன்றாவது முறை ரீல் அலறியது. மஹ்சீர் என்னும் இந்தப் பெரிய ஆற்றுக் கெண்டை முதல் ஓட்டத்தில் நம்மைக் கேட்டுக்கொண்டு ஓடாது. கீழ்நீரோட்டத்தில் பாறைகளை நோக்கித் தலைதெறிக்கப் போகும். வழிகாட்டி, "விடுங்க அண்ணா, போகட்டும், பிடிக்காதீங்க" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே அவன் பின்னால் நின்றார். கரைக்கு வந்த மீனை அவர் தூக்கவே இல்லை. முழங்கால் நீரில் இறங்கி, கைகளை நனைத்துக்கொண்டு, தலை நீரோட்டத்தை எதிர்நோக்கி இருக்கும்படி வைத்து, ஒரு கை வாலடியிலும் ஒரு கை வயிற்றடியிலுமாகத் தாங்கிக்கொண்டார். உள்ளங்கை அகலம் வரும்போலத் தோன்றிய செதில்கள், தடித்த உதடுகள், இரண்டு ஜோடி மீசை, நீலச் சாம்பல் துடுப்புகள்.

நான் படம் எடுக்கப் போனேன். என் நண்பனோ அளவு நாடாவைக் கேட்டான். "மூக்கு நுனியிலேர்ந்து வால் பிளவு வரைக்குமா, வால் கடைசி வரைக்குமா?" என்று வழிகாட்டியிடம் கேட்டு, பிளவு வரை என்று அவர் சொன்னதும், நாடா மீனின் முதுகில் வளையாமல் நேராக நிற்கும்படி என்னை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னான். 71 சென்டிமீட்டர். மீன் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. தானாக வாலை உதறிப் போனதும், என் நோட்டை வாங்கி, நீளம், மணி, இரை, இடம், துடுப்பின் நிறம் என்று தொழிற்சாலை அறிக்கை எழுதுகிற கையெழுத்தில் எழுதினான். குழம்பு வைத்திருக்கலாம் என்று அன்றிரவும் சொன்னான். அவன் கருத்து மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

இனி உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் முதுகு மஹ்சீர் ஒன்று உண்டு. துடுப்புகளில் செம்மஞ்சள் சாயல் இருக்கும். 1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் இந்த ஆற்றின் துணையாறான கபினியில் பிடித்த 120 பவுண்டு மீன் உலகெங்கும் பேசப்பட்டது. அந்த மீன் அழிந்துகொண்டிருப்பது எப்படித் தெரிந்தது? கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில் போட்டவர்கள் பிடித்து, அளந்து, விட்டு, எழுதிவைத்த பதிவேடுகளிலிருந்து. 2015-ல் வெளியான ஆய்வு அவற்றைக் கூட்டிப் பார்த்தபோது, திமில் முதுகு மீன்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததும், கிடைத்த சிலவோ ஆண்டுக்கு ஆண்டு பெரியவையாக இருந்ததும் தெரியவந்தது. குஞ்சுகள் புதிதாகச் சேரவில்லை, கிழடுகள் மட்டும் மிஞ்சுகின்றன என்பதே அதன் பொருள். அதே காலத்தில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் குஞ்சு பொரிக்கப்பட்டு நல்ல எண்ணத்தோடு இங்கே கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு மஹ்சீர் பெருகியிருந்தது. என் நண்பனிடம் சிக்கியதும் அந்த இனம்தான். திமில் முதுகு மீனுக்கு உரிய அறிவியல் பெயர் டோர் ரேமாதேவியே என்று நிறுவப்பட்டதே 2018-ல்தான். அதே ஆண்டு அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. அந்தப் பதினான்கு பதினைந்து ஆண்டுகளும் அவர்கள் பிடித்த மீனையெல்லாம் வறுத்துத் தின்றிருந்தால் நம் கையில் கணக்கும் இருந்திருக்காது, அந்தக் கிழட்டு மீன்களும் இருந்திருக்கமாட்டா.

கொக்கி மாட்டினால் மீனுக்கு வலிக்காதா, விட்டபின் செத்துப்போகாதா என்று இங்கே சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். கவலை நியாயமானது. அதனால்தான் எதிர்முள்ளை நசுக்குகிறோம், காற்றில் தூக்குவதில்லை, கோடை உச்சியில் போவதில்லை. மீன் தின்பவர்களைக் குறை சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நானும் தின்பவன்தான். ஆற்றை உண்மையில் காலி செய்வது வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும். 1897-ஆம் ஆண்டுச் சட்டமே இரண்டையும் குற்றமாக்கியிருக்கிறது. தூண்டில்காரர்களும் வழிகாட்டிகளும் கரையில் நடமாடும் இடத்தில் வெடி வைக்க வருகிறவன் தயங்குவான் என்பது என் உறுதியான கருத்து. அதற்காகச் சரணாலயத்துக்குள் சட்டத்தை மீற வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் நண்பருக்கு மீன் தின்னும் ஆசை இருந்தால் ரஸல் மார்க்கெட்டில் கட்லாவும் ரோகுவும் வாங்கிச் சமைத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்புங்கள். கம்பளிச் சட்டை, மாற்று உடை, இடுக்கி, தையற்காரர் வைத்திருக்கும் மென்மையான நாடா, ஒரு நோட்டு, பென்சில். பேனா மை ஈரத்தில் பரவிவிடும். நோட்டை அவரிடமே கொடுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை தூண்டில் போட்டோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்; ஒன்றுமே கடிக்காத நாளையும் விடாமல் எழுத வேண்டும், ஏனென்றால் வெறுங்கையோடு திரும்பிய மணிகளைச் சேர்க்காவிட்டால் ஆற்றில் மீன் கூடுகிறதா குறைகிறதா என்று யாராலும் கணக்கிட முடியாது.