வருடம் முழுக்கத் தோற்கும் ஒரு பேஸ்பால் அணிக்கு ரசிகராக இருப்பது எப்படி இருக்கும்?

நான் இருந்த ஊரிலேயே நடந்தது என்பதால் சொல்கிறேன். 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 162 ஆட்டம் ஆடி 121-ல் தோற்றது. 1900-க்குப் பிறகு அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்றதில்லை. அதில் ஏழெட்டு தோல்விக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் நான்.

சிகாகோவில் இரண்டு அணிகள். வடக்குப் பக்கம் கப்ஸ், ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் போவார்கள். தெற்குப் பக்கம் சாக்ஸ். நான் தெற்கத்தி ஆள் ஆனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ரெட் லைன் ரயிலில் 35-வது தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்தால் ஸ்டேடியம், டிக்கெட்டும் மலிவு. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர். அறுபதைத் தாண்டியவர், அப்பா காலத்திலிருந்தே சாக்ஸ் குடும்பம். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஸ்கோர் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒவ்வொரு அவுட்டையும் எழுதிக்கொண்டிருப்பார்.

ஐபிஎல் கணக்கில் இதை நினைக்காதீர்கள். அங்கே லீக் சுற்றில் 14 ஆட்டம், எவ்வளவு கேவலமாக ஆடினாலும் இரண்டு மாதத்தில் தலைவலி தீர்ந்துவிடும். இங்கே மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். முதல் 25 ஆட்டத்தில் 22 போய்விட்டது. ஏப்ரல்கூட முடியவில்லை, இன்னும் ஐந்து மாதம் பாக்கி.

ஒன்று சொல்கிறேன். 12-1 என்று தோற்றால் வலிக்காது. பாதியிலேயே எழுந்து ரயில் பிடித்துவிடலாம். மே 23 மாதிரி ஆட்டங்கள்தான் ஆளைக் கொல்லும். எதிரே பால்டிமோர். கடைசி இன்னிங்ஸில் துரத்தி 8-6 வரை வந்துவிட்டோம், ஓட்டக்காரர்கள் பேஸில் நிற்கிறார்கள், ஒரே அவுட்தான் (மூன்று அவுட் ஆனால்தான் இன்னிங்ஸ் முடியும்). எங்கள் பெனின்டெண்டி அடித்த பந்து உயரே போய் உள்வட்டத்துக்குள்ளேயே இறங்கியது. 'இன்ஃபீல்ட் ஃப்ளை' என்று ஒரு விதி உண்டு, இப்படிப்பட்ட பந்துக்குப் பிடிப்பதற்கு முன்பே பேட்டர் அவுட். சரி, இரண்டு அவுட் ஆயிற்று, இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று நிமிர்ந்தேன். மைதானத்தில் பால்டிமோர்காரர்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பேஸில் இருந்த எங்கள் ஆண்ட்ரூ வான், ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) வழியில் நின்றுவிட்டார், அதனால் அவரும் அவுட் என்று அம்பயர் சொல்லிவிட்டார். இத்தனைக்கும் ஷார்ட்ஸ்டாப் நிதானமாகப் பந்தைப் பிடித்திருந்தார். ஆட்டம் முடிந்தது. பெரியவர் பென்சிலைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். இதை எப்படி எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை.

துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொன்னால் அது பொய். இதே அணி 2021-ல் 93 ஆட்டம் ஜெயித்து டிவிஷன் சாம்பியன் ஆனது. அந்த ஆட்டக்காரர்கள் காயத்தில் விழுந்தார்கள், ஃபார்ம் போனது, ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் தயாராக இல்லை. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஒதானிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 700 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்த காலம் இது. சாக்ஸ் தன் வரலாற்றிலேயே கொடுத்த பெரிய ஒப்பந்தம் 75 மில்லியன், அதுவும் மேலே சொன்ன பெனின்டெண்டிக்கு. சிகாகோ என்ன சின்ன ஊரா? 1981-லிருந்து அணியை வைத்திருக்கும் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் பேரைச் சொன்னாலே தெற்குப் பக்கத்தில் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம்.

சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது நல்ல பிட்சரான (பந்து எறிகிறவர்) டிலன் சீஸை சான் டியாகோவுக்குக் கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்கினார்கள். ஜூலை 25 அன்று அவர் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். நாங்கள் அப்போது 21 ஆட்டத் தொடர் தோல்வியின் நடுவில் இருந்தோம். கையில் மிஞ்சிய நல்ல பிட்சர் காரெட் குரோஷே. 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தவரின் கணக்கில் 6 வெற்றி, 12 தோல்வி. பின்னால் ரன் அடிக்க ஆள் இல்லாவிட்டால் அவர்தான் என்ன செய்வார்?

அந்த 21 தோல்வி ஜூலை 10-ல் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை ஓடியது. மறுநாள் ஓக்லாந்தில் 5-1 என்று ஜெயித்தார்கள். நேர வித்தியாசத்தால் எங்களுக்கு அது பாதி ராத்திரிச் சமாச்சாரம், ஆனாலும் விழித்திருந்து பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். தோற்றுக்கொண்டே இருந்தவரை வைத்திருந்து, ஒன்று ஜெயித்ததும் துரத்திய கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

செப்டம்பரில் பேச்சு மாறியது. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டம் தோற்றதுதான் அதுவரை சாதனை. அவர்களாவது அந்த வருடம்தான் புதிதாக ஆரம்பித்த அணி. (வெற்றி-தோல்வி விழுக்காடு பார்த்தால் அவர்கள் 40-120, நாங்கள் 41-121, மயிரிழையில் நாங்கள் மேல். இந்த வாதத்தை எங்கும் எடுபட வைக்க முடியவில்லை.) செப்டம்பர் 24 அன்று நாங்கள் சரியாக 120-ல் நின்றோம். அன்றைக்கு நானும் பெரியவரும் போயிருந்தோம். சாதனையை நேரில் பார்க்கவென்றே வந்த கூட்டம் அது. ஏஞ்சல்ஸ் 2-0 என்று முன்னால் இருந்தபோது எல்லாம் கல்யாண வீடு மாதிரி கலகலப்பாக இருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் சாக்ஸ் திடீரென்று மூன்று ரன் எடுத்துவிட்டது. சொந்த அணி முன்னிலை பெற்றதும் என் வரிசையிலேயே சிலர் பிடிக்காமல் 'பூ' (boo) என்று கத்தினார்கள். "டீமை வித்துட்டுப் போ" என்ற கோஷமும் கிளம்பியது. பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெயிப்பதைப் பார்த்துக் கத்துகிறவன் எதற்கு வந்தான்?" என்றார். எனக்குக் கத்தியவர்கள் பக்கமும் நியாயம் தெரிந்தது. இவ்வளவு தூரம் நடந்தாயிற்று, வரலாற்றிலாவது ஒரு இடம் கிடைக்கட்டுமே என்றுதான் எனக்கும் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அந்தத் தொடரில் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்துத் தொலைத்தார்கள். 121 வந்தது 27-ம் தேதி, டெட்ராய்ட்டில், 4-1. அந்த வெற்றியால்தான் டெட்ராய்ட் பத்து வருடத்துக்குப் பிறகு ப்ளேஆஃபுக்குள் நுழைந்தது. அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில் எங்கள் வீட்டு இழவு. மிச்சம் இருந்த இரண்டு ஆட்டத்தையும் சாக்ஸ் ஜெயித்தது. கடைசி ஆறில் ஐந்து வெற்றி, இதை ஏப்ரலில் செய்திருக்கக் கூடாதா?

இவ்வளவு தோற்றால் அடுத்த டிராஃப்டில் (புது இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளையாவது எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதிக வருமானம் உள்ள ஊர்களின் அணிகளுக்கு அடுத்தடுத்து இரண்டு வருடம் முதல் ஆறு இடங்களுக்குள் வாய்ப்பு கிடையாது என்று ஒரு விதி. 2024 டிராஃப்டிலேயே ஐந்தாவது இடம் வாங்கியாயிற்று. ஆகவே 2025-ல் எங்களுக்குப் பத்தாவது இடம். பெரியவரிடம் சொன்னபோது, "அதிலும் தோற்றுவிட்டோமா?" என்று கேட்டுவிட்டு, அந்த வருடத்தில் நான் பார்க்காத அளவுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.